வழியைக் காட்டிய இயந்திரம்

கம்ப்யூட்டர் விளையாட்டு என்றாலே நம் வயதுக்காரர்களுக்கு ஓர் எரிச்சல். சோறு ஆறிக்கொண்டிருக்கும்; பேரன் கட்டைவிரலால் யாரையோ சுட்டுக்கொண்டிருப்பான். ‘எந்தப் புண்ணியவான் இதைக் கண்டுபிடித்தான்?’ என்று நீங்களும் ஒரு தடவையாவது கேட்டிருப்பீர்கள். ரிட்டயர் ஆன பிறகு என்னிடம் தாராளமாக இருப்பது நேரம் ஒன்றுதான். அதனால் அந்தக் கேள்வியை நிஜமாகவே எடுத்துக்கொண்டு கொஞ்சம் தேடிப் படித்தேன்.

ஆரம்ப காலத்து இயந்திரங்கள் சுடுகிற ஆட்டம், ஓடுகிற ஆட்டம் எதுவும் ஆடவில்லை. குவியலிலிருந்து காய் எடுக்கும் ஒரு கணக்கு ஆட்டத்தை ஆடின. அதன் பெயர் நிம். அந்த இயந்திரங்களைச் செய்தவர்களில் சிலரிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. இயந்திரம் ஜெயித்தால் மட்டும் போதாது, எப்படி ஜெயித்தது என்பதை எதிரே நிற்கும் ஆளுக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தார்கள். அந்தப் பழக்கம் விட்டுப்போனதால்தான் இன்று நம்மைப் போன்றவர்கள் கவுண்ட்டர் கவுண்ட்டராக அலைகிறோம் என்பது என் கட்சி. கொஞ்சம் சுற்றித்தான் அங்கே வர வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆட்டம். புளியங்கொட்டை எடுத்து மூன்று குவியல் வையுங்கள்: 3, 4, 5. இரண்டு பேர் மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு குவியலில்தான் கை வைக்கலாம். அதிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒன்றாவது எடுத்தே ஆக வேண்டும். கடைசிக் கொட்டையை எடுப்பவர் ஜெயித்தார். (கடைசிக் கொட்டையை எடுப்பவர் தோற்றார் என்று வைத்து ஆடுவதும் உண்டு. அதற்கும் வழி இதுதான், முடிவில் மட்டும் சின்ன மாற்றம்.) பகடை இல்லை, சீட்டைக் கலைத்துப் போடுவது இல்லை. அதிர்ஷ்டத்துக்கு வேலையே கிடையாது.

ஜெயிக்கும் வழியைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு குவியலையும் மனசுக்குள் 4, 2, 1 என்ற துண்டுகளாகப் பிரியுங்கள். 3 என்பது 2-ம் 1-ம். 4 என்பது 4 மட்டும். 5 என்பது 4-ம் 1-ம். இப்போது ஜோடி சேருங்கள். 4-க்கு 4 ஜோடி, 1-க்கு 1 ஜோடி, 2 மட்டும் தனியாக நிற்கிறது. மூன்று இருக்கிற குவியலிலிருந்து அந்த இரண்டைத் தூக்கிவிடுங்கள். மீதி 1, 4, 5. எல்லாம் ஜோடி. இனி எதிராளி எதை எடுத்தாலும் ஜோடி கலையும். நீங்கள் மறுபடியும் சேர்த்துவிடலாம். மேஜை காலியாக இருப்பதும் ஒற்றை இல்லாத நிலைதானே? ஆகவே மேஜையைக் காலி செய்வது உங்கள் கையாகத்தான் இருக்கும்.

எந்தக் குவியலுக்கும் இது பொருந்தும் என்பதை 1901-ல் சார்ல்ஸ் பூட்டன் என்ற ஹார்வர்ட் பல்கலைக்கழகக் கணிதக்காரர் முழுக்க நிரூபித்தார். நிம் என்ற பெயரும் அவர் வைத்ததே. நான் 4, 2, 1 என்று பிரித்தேனே, அதுதான் இன்று கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் சொல்லும் இரும எண் முறை. பூட்டன் எழுதியபோது கம்ப்யூட்டர் என்று ஒன்று கிடையாது. நாற்பது ஐம்பது வருஷம் கழித்து ஒன்று வந்தபோது, அதன் பாஷையிலேயே எழுதிய ஆட்டம் தயாராகக் காத்திருந்தது.

பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் எனக்கு இந்த ரக ஆட்டம் பள்ளியிலேயே அறிமுகம். எங்கள் கணக்கு மெஸ்யே ஒரு சனிக்கிழமை பாடத்தை மூடிவைத்துவிட்டு ஒரு பந்தயம் போட்டார். ஒருவர் 1 முதல் 10 வரை ஓர் எண் சொல்ல வேண்டும். அடுத்தவர் அதோடு 1 முதல் 10 வரை எதையாவது கூட்டிச் சொல்ல வேண்டும். மாற்றி மாற்றிக் கூட்டிக்கொண்டே போய், 100-ஐ முதலில் தொடுபவர் ஜெயித்தார். வகுப்பில் இருந்த அத்தனை பேரையும் அவர் தோற்கடித்தார். நாங்கள் மந்திரம் என்றோம். அவர் முகம் மாறிவிட்டது. சாக்பீஸை என் பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்து, ‘100-லிருந்து பின்னால் நட’ என்றார். 100-ஐத் தொட வேண்டுமானால் முதலில் 89-ஐத் தொட்டிருக்க வேண்டும். அதற்கு முன் 78. அதற்கு முன் 67. பதினொன்று பதினொன்றாக இறங்கி 1 வரை வந்தோம். மந்திரம் கரும்பலகையில் கழித்தல் கணக்காக இறங்கிவிட்டது.

அந்த ஆட்டம் பாஷே தெ மெசிரியாக் என்பவர் 1612-ல் லியோன் நகரில் வெளியிட்ட புதிர்க் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அந்த பாஷே சாதாரண ஆள் இல்லை. டியோஃபான்டஸ் என்ற கிரேக்கக் கணித மேதையின் நூலை 1621-ல் பதிப்பித்தவர். ஃபெர்மா தன் புகழ்பெற்ற குறிப்பை எழுதியது அந்தப் பதிப்பின் ஓரத்தில்தான். இடம் போதவில்லை என்று ஃபெர்மா நிரூபணத்தை எழுதாமல் விட்டார். 350 வருஷம் உலகம் தலையைப் பிய்த்துக்கொண்டது. வழியை எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் மெஸ்யே சொல்லும் உதாரணம் அது. அவரிடம் விடை சரியாக இருந்து வழி இல்லையென்றால் இருபதுக்குப் பூஜ்யம். அப்போது கோபமாக வரும்.

நிம் ஆட்டத்தைப் பிற்பாடு ஒரு படத்தில் பார்த்தேன். அலேன் ரெனே 1961-ல் எடுத்த மரியன்பாத் படம். நம் ஊர் அலியான்ஸ் பிரான்சேஸில் போட்டார்கள். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள், அது வேறு விஷயம். அதில் ஒல்லியான ஒருவர் மேஜையில் 1, 3, 5, 7 என்று தீக்குச்சி அடுக்கி எல்லாரையும் தோற்கடிப்பார். சுற்றி நிற்கிறவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். படம் உண்மைக் காரணத்தைச் சொல்லவே சொல்லாது. பிரெஞ்சுக்காரர்கள் அதற்குப் பிறகு அந்த ஆட்டத்தை மரியன்பாத் ஆட்டம் என்றே அழைக்க ஆரம்பித்தார்கள். 1, 3, 5, 7-ஐப் பிரித்துப் பாருங்கள்: 4 இரண்டு, 2 இரண்டு, 1 நான்கு. எல்லாம் ஏற்கெனவே ஜோடி. ஆகவே முதலில் கை வைப்பவன் தொலைந்தான். அந்த ஒல்லி மனிதரின் மர்மம் இவ்வளவுதான்.

இனி இயந்திரங்கள். 1940-ல் நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியின் கூடத்தில் நிமட்ரான் என்ற ஒன்றை வைத்தார்கள். செய்வித்தவர் எட்வர்ட் காண்டன் என்ற இயற்பியலாளர். எடை ஒரு டன்னுக்கு மேல். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிக் டிக் என்று அடித்துக்கொள்ளுமே, அந்த ரிலேக்களால் ஆனது. ஆகவே இன்றைய அர்த்தத்தில் கம்ப்யூட்டர் என்று சொல்ல முடியாது. நான்கு வரிசை, வரிசைக்கு ஏழு விளக்கு. நீங்கள் விளக்கை அணைக்க வேண்டும், அது பதிலுக்கு அணைக்கும். ஏறக்குறைய ஒரு லட்சம் ஆட்டம் நடந்ததாகவும் அதில் தொண்ணூறாயிரம் ஆட்டத்தை இயந்திரமே ஜெயித்ததாகவும் கணக்கு. ஜெயித்தவருக்கு நிம் சாம்பியன் என்று பொறித்த ஒரு வில்லை. இதில் எனக்குப் பிடித்தது ஒன்று: கண் மூடித் திறப்பதற்குள் பதில் ஆட்டம் ஆடிவிடும் என்பதால், எதிரே நிற்கிறவர் மனம் நோகக்கூடாதென்று, அது கொஞ்சம் யோசிப்பதுபோல் தாமதம் செய்ய வைத்திருந்தார்கள். மரியாதை தெரிந்த இயந்திரம்! ஆனால் இதுவும் தன் வழியைக் காட்டவில்லை.

அதைக் காட்டியது நிம்ராட். என் கட்டுரையின் கதாநாயகன் இவன்தான்.

1951-ல் பிரிட்டிஷ்காரர்கள் யுத்தக் களைப்பு தீர நாடு முழுக்க ஒரு விழா எடுத்தார்கள். லண்டன் சவுத் கென்சிங்டனில் அறிவியல் கண்காட்சி. மான்செஸ்டரைச் சேர்ந்த ஃபெரான்டி கம்பெனி ஏதோ ஒன்றைக் காட்சிக்கு வைப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டு, கையில் ஒன்றும் இல்லாமல் முழித்தது. அங்கே வேலை பார்த்த ஜான் பென்னட் என்ற ஆஸ்திரேலியர் நிமட்ரானை நினைவில் வைத்து, நிம் ஆடும் கம்ப்யூட்டர் ஒன்றைச் செய்யலாம் என்றார். 1950 டிசம்பரில் தொடங்கி மறு ஏப்ரலில் முடித்தார்கள். பன்னிரண்டு அடி அகலம், ஒன்பது அடி ஆழம், ஐந்து அடி உயரம். நிம் என்பதிலிருந்து நிம்ராட். வேதாகமத்தில் வரும் வேட்டைக்காரன் பெயரும் அதுவே.

பென்னட்டுக்கு விளையாட்டுக் காட்டுவது நோக்கமில்லை. அப்போது பத்திரிகைகள் எல்லாம் ‘எலெக்ட்ரானிக் மூளை’ என்று எழுதி ஜனங்களை மிரட்டிக்கொண்டிருந்தன. இது மூளையும் இல்லை, பேயும் இல்லை, கணக்குதான் போடுகிறது என்று ஜனங்களுக்குக் காட்ட வேண்டும். சதுரங்கத்தை எடுத்துக்கொண்டால் யாருக்கும் காட்ட முடியாது, அதற்கு முழு விடையே கிடையாது. நிம்முக்கு முழு விடை உண்டு, அது ஒரு பலகையில் அடங்கும். அந்தப் பெரிய உடம்பில் கணக்குப் போடும் பாகம் கொஞ்சம்தான், பெரும்பகுதி விளக்குகள். குவியலில் எத்தனை மீதி என்று காட்ட ஒரு வரிசை. உள்ளே கணக்கு எந்தப் படியில் நிற்கிறது என்று காட்ட வேறு வரிசை. வேண்டுமென்றே மெதுவாக ஓட்டி, இப்போது இதைச் செய்கிறது, அடுத்து இதைச் செய்யும் என்று விளக்குபவர் சொல்வார். போதாததற்கு, எல்லாவற்றையும் விளக்கி ஒரு சிறு புத்தகமும் போட்டு விற்றார்கள்.

யோசித்துப் பாருங்கள். தன்னை ஜெயிக்கும் வழியைத் தானே அச்சடித்துக் கையில் கொடுக்கும் இயந்திரம்!

ஜனங்கள் அந்தப் புத்தகத்தைப் படித்தார்களா என்றால், பெரும்பாலோர் படிக்கவில்லை. விளக்கு மினுக்குவதைப் பார்க்கத்தான் கூட்டம். அக்டோபரில் பெர்லின் தொழில் கண்காட்சிக்குக் கொண்டு போனார்கள். அந்தக் கூடத்தின் மறுகோடியில் இலவசமாக மது கொடுத்துக்கொண்டிருந்தும், அதை விட்டுவிட்டு ஜெர்மானியர்கள் நிம்ராடைச் சுற்றி மொய்த்ததாகவும், கூட்டத்தை அடக்கப் போலீஸ் வரவேண்டி வந்ததாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள். (இலவச மதுவை விட்டுவிட்டு! நம் புதுச்சேரியில் நடக்குமா?) மேற்கு ஜெர்மனியின் பொருளாதார மந்திரி, பிற்பாடு பிரதமரான லுட்விக் எர்ஹார்ட், மூன்று ஆட்டம் ஆடி மூன்றிலும் தோற்றார். பிறகு அந்த இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். சொன்ன காரியம் முடிந்தது, வேறு உபயோகம் இல்லை.

அதே காலத்தில் வேறு சிலவும் வந்தன. டொரான்டோவில் 1950-ல் ஓர் ஆள் உயரத்தைவிட இரண்டு மடங்கு பெரிய இயந்திரம் பெருக்கல்-பூஜ்யம் ஆட்டம் ஆடியது, அதுதான் பிள்ளைகள் சிலேட்டில் கட்டம் போட்டு ஆடுவது. 1952-ல் கேம்பிரிட்ஜில் டக்ளஸ் என்ற மாணவர் அதையே எட்சாக் கம்ப்யூட்டரில் ஆட வைத்தார், டெலிபோன் டயலைச் சுற்றி ஆட வேண்டும். மான்செஸ்டரில் ஸ்ட்ரேச்சி டிராஃப்ட்ஸ் ஆட வைத்தார். 1962-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. பையன்கள் விண்கலம் விட்டுச் சுடும் ஆட்டம் எழுதினார்கள். அங்கேதான் பாதை பிரிந்தது. என் பேரன் அந்தக் கிளையில் உட்கார்ந்திருக்கிறான்.

காட்டாமல் மறைக்கும் பழக்கம் எப்படித் தெரிய வந்தது என்பதற்கு ஒரு சம்பவம். 1997 மே மாதம், நியூயார்க். ஐ.பி.எம். கம்பெனியின் டீப் புளூ என்ற இயந்திரம் சதுரங்க உலக சாம்பியன் காஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்று தோற்கடித்தது. இரண்டாவது ஆட்டத்தில் அது ஆடிய விதம் அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. உள்ளே என்ன கணக்குப் போட்டது, அந்தப் பதிவைக் காட்டுங்கள் என்று கேட்டார். உடனே காட்டவில்லை, எல்லாம் முடிந்து பிற்பாடுதான் வெளியிட்டார்கள். இயந்திரம் நேர்மையாகத்தான் ஆடியிருக்கும், எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் தோற்றவர் கணக்கைக் காட்டு என்று கேட்டால், கேட்ட அன்றைக்கே காட்டுவதுதான் முறை. நிமட்ரான் நின்ற அதே ஊரில், ஐம்பத்தேழு வருஷம் கழித்து, உலக சாம்பியனுக்கே இந்த மரியாதைதான்.

அப்படியிருக்க, ரிட்டயரான குமாஸ்தாவுக்கு?

நான் பில் பிரிவில் இருந்த காலத்தில் சம்பளப் பட்டியல் கையால் எழுதுவோம். அடிப்படைச் சம்பளம், டி.ஏ., வீட்டு வாடகைப் படி, ஜி.பி.எஃப். பிடித்தம், எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கலம். ஒருநாள் துப்புரவுப் பணி செய்யும் அம்மா ஒருவர் வந்து ‘இந்த மாசம் ஏன் சாமி கம்மி?’ என்று கேட்டார். பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி, கலத்தின் மேல் விரல் வைத்து, ‘தீபாவளிக்குப் பண்டிகை அட்வான்ஸ் வாங்கினீங்களே, அதோட தவணைம்மா. இன்னும் ஏழு மாசம் பிடிப்பாங்க’ என்றேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஏழு என்றால் என்ன, அட்வான்ஸ் என்றால் என்ன என்று தெரியும். தலையாட்டிவிட்டுப் போனார். ஏழாவது மாதம் முடிந்ததும் சரியாக வந்து, நின்றுவிட்டதா என்றும் கேட்டார்!

பென்ஷன் வாங்குகிறவர்களுக்குத் தெரியும், கம்யூட்டேஷன் வாங்கினால் 15 வருஷம் கழித்துப் பிடித்தம் நின்று முழுப் பென்ஷன் திரும்ப வர வேண்டும். எனக்கு அந்த மாதம் வந்தது. பணமும் வந்தது, என் கணக்குக்கு 214 ரூபாய் குறைவாக. சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம், எல்லா ஊரிலும் இருப்பதுதான். கவுண்ட்டரில் இருந்த பிள்ளை நல்ல பிள்ளை, நாற்காலி போட்டு உட்கார வைத்தது. ‘சிஸ்டத்துல அப்படித்தான் சார் வருது’ என்றது. எப்படி வருகிறது என்று கேட்டேன். திரையைப் பார்த்தது. திரையில் விடை மட்டும்தான் இருந்தது. மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் அதே வாக்கியம். நான்காவது மாதம் குறைந்த பணம் பாக்கியோடு சேர்ந்து வங்கியில் விழுந்தது. ஏன் குறைந்தது, ஏன் திரும்ப வந்தது, இரண்டுக்கும் இன்றுவரை கணக்கு வரவில்லை. அந்தப் பிள்ளைக்கும் தெரியாது, பாவம். என் காலத்துப் பதிவேடு எனக்குத் திறந்திருந்தது. அதன் சிஸ்டம் அதற்கே மூடியிருக்கிறது.

என் தம்பி மகன் மென்பொருள் கம்பெனியில் இருக்கிறான். அவனிடம் இதைச் சொன்னபோது சிரித்தான். ‘பெரியப்பா, நிம்முக்கு நாலு பல்பு போதும். இப்ப இருக்கிற மிஷின்ல கோடிக்கணக்கான எண் ஓடுது. அதைப் பூரா காட்டினா உங்களுக்கு என்ன புரியும்?’

நியாயமான கேள்விதான். 2016-ல் சோல் நகரில் ஆல்ஃபாகோ என்ற நிரல், ‘கோ’ ஆட்டத்தில் லீ செடோலை நாலுக்கு ஒன்று என்று ஜெயித்தது. அதன் இரண்டாவது ஆட்டத்தில் 37-வது காய் வைத்த இடத்தைப் பார்த்து நிபுணர்களே திகைத்தார்கள். அதைச் செய்தவர்களாலேயே அந்த ஒரு காய்க்கான காரணத்தை நமக்குப் புரியும் நாலு வரியில் சொல்ல முடியாது. அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தம்பி மகனிடம் நான் திருப்பிக் கேட்டது இது: என் பென்ஷன் என்ன, கோ ஆட்டமா? ஒரு கூட்டல், இரண்டு பெருக்கல், மூன்று கழித்தல். மின்சார பில், வீட்டு வரி, ரேஷன் அட்டையில் பெயர் இருக்கிறதா இல்லையா, எல்லாம் நிம் அளவுக் கணக்குதான். நிம்மைவிடச் சின்னது என்றுகூடச் சொல்லலாம். பெரிய இயந்திரத்தின் கஷ்டத்தைச் சொல்லிச் சின்ன இயந்திரமும் வாயை மூடிக்கொள்கிறது. 1951-ல் வால்வுகளையும் பல்புகளையும் வைத்துக்கொண்டு, விழாவுக்கு வந்த முன்பின் தெரியாத ஆளுக்குப் படி படியாகக் காட்ட முடிந்ததென்றால், இன்று ஒரு தாளில் ஆறு வரி அச்சடித்துக் கொடுக்க முடியாதா? கேட்கிறவர்கள் பத்தில் ஒருவர்தான் இருப்பார், மற்றவர்கள் படிக்க மாட்டார்கள் என்பார்கள். பெர்லினிலும் படிக்கவில்லைதான். புத்தகம் அங்கே இருந்தது, கேட்டவருக்குக் கிடைத்தது.

தம்பி மகன் பதில் சொல்லவில்லை. ஆனால் பென்ஷன் சீட்டுக் கணக்கை வரி வரியாகக் காட்டும் நிரல் எழுத எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டதற்கு, ‘ஒரு வாரம்கூட ஆகாது பெரியப்பா’ என்றான். அப்படியானால் தடை எங்கே இருக்கிறது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை கவுண்ட்டரில் ‘சிஸ்டத்துல அப்படித்தான் வருது’ என்று சொன்னால் கோபப்படாதீர்கள். வழியை எழுத்தில் கொடுங்கள் என்று ஒரு மனு எழுதிக் கொடுத்து, தேதி முத்திரையோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். நான் கொடுத்துவிட்டேன்.

போகிற போக்கில் உங்களுக்கும் ஒரு கணக்கு. மூன்று குவியல் புளியங்கொட்டை: 2, 6, 7. முதல் கை உங்களுடையது, கடைசிக் கொட்டை எடுப்பவர் ஜெயித்தார். எந்தக் குவியலிலிருந்து எத்தனை எடுப்பீர்கள்? மூன்று சரியான விடை உண்டு. வழியோடு சொல்ல வேண்டும். வெறும் விடைக்கு இருபதுக்குப் பூஜ்யம்.